மாச்சாப் வயலில் விரிக்காத துணி

நேற்று ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்குள் போனவள், வாங்க வந்ததை வாங்காமலே திரும்பிவிட்டேன். கூட்டமில்லாத நேரம் பார்த்துக் கடைக்காரப் பெண் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அந்த வாடைதான் காரணம். கனிந்த வாழைப்பழத்தோடு மண்ணெண்ணெயைச் சேர்த்ததுபோல மூக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் வாடை. நீ பறந்த கிளைடரின் இறக்கைத் துணிக்குப் பூசும் மருந்து அப்படியே இதே வாடை அடிக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் விரல்களை விட்டு அது போகாது. நீ சோறு பிசைந்தால் மேசைக்கு இந்தப் பக்கம் எனக்குக் குமட்டும். இன்னொரு தடவை கை கழுவிவிட்டு வா என்று உன்னை எத்தனை முறை பாதிச் சாப்பாட்டில் எழுப்பியிருக்கிறேன். நீயும் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போவாய்.

என்ன வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். என்ன வேண்டும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவது எனக்கு ஒப்பாத காரியம் என்பது உனக்குத் தெரியும். படிக்க ஆளில்லை என்று தெரிந்தும் எழுதுவது, எழுதுகிறவரின் சுகத்துக்காக என்று நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். சுகம் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கத்தை முடிப்பதற்குள் இரண்டு முறை எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்தேன். உன்னிடம் கேட்க வேண்டிய ஒன்றைச் சரியாகக் கேட்காமல் விட்டேன். இப்போது உன்னைக் கேட்காமலே உன்னைப் பற்றி ஒன்றைச் சொல்லியும் விட்டேன். இரண்டும் சேர்ந்து என்னை ஓரிடத்தில் உட்காரவிடுவதில்லை. வரிசையாக எழுதினால் அடங்குமா என்று பார்க்கிறேன்.

காஜா பெராங்கில் நாம் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து தொடங்குகிறேன். சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. நான் சிங்கப்பூரில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து சரித்திரம் சொல்லிக்கொடுத்தேன். நீ அதே பள்ளியில் உடற்பயிற்சி டீச்சர். கல்யாணமாகாத இரண்டு டீச்சர்களுக்கு யார் வீடு கொடுப்பார்கள் என்று அலைந்தபோது, தலைமுறைகளாக இங்கேயே ஊறிப்போன அந்தச் செட்டி வீட்டு அம்மாள்தான் பின்கட்டைக் கொடுத்தார். நெற்றியில் திருநீறு, கூடத்தில் முருகன் படம், பேச்சு மட்டும் முழுக்க மலாய். தமிழில் நாலு வார்த்தை தெரியும். அந்த நாலும் சாமிக்குப் படைக்கிற பண்டங்களின் பெயர். நீ இன்ஜின் இல்லாத விமானத்தில் பறக்கிறாய் என்று நான் ஒருநாள் சொன்னதும், வெற்றிலை மடித்த கை அப்படியே நின்றது. "தாக் அடா இன்ஜின்?" என்று என்னிடம்தான் கேட்டார், உன்னிடம் கேட்கவில்லை. இல்லை என்றதும் "கிலா" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். பைத்தியம் என்ற அந்தச் சொல்லை உனக்கு மட்டும் சொன்னாரா, உன்னோடு குடியிருந்த எனக்கும் சேர்த்தா என்று இன்று வரை தெரியாது.

பத்து பெரெண்டாம் ஓடுதளத்தின் ஓரத்தில் இருந்த அந்தக் கிளைடர் கிளப் அதுவரை வெள்ளைக்காரத் தோட்ட மானேஜர்களுக்கும் பட்டாளத்துக்காரர்களுக்கும் மட்டும்தான். சுதந்திரத்துக்குப் பிறகு அவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கப்பலேற, ஆள் குறைந்து, நம்மவர்களுக்கும் கதவைத் திறந்தார்கள். நீ மாணவிகளை அங்கே சுற்றிக்காட்ட அழைத்துப் போனாய். பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். நீ மட்டும் மனத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தாய். அடுத்த மாதமே, வின்ச் என்கிற அந்தச் சுருள் இயந்திரம் கம்பியால் இழுத்து உன்னை ஆகாயத்தில் எறிந்துகொண்டிருந்தது. ஜீப் ஓட்டத் தெரிந்தவள் என்ற ஒரே தகுதியில் நான் உன் டிரெய்லருக்கு ஓட்டுநர் ஆனேன். எங்கேயாவது நீ இறங்கிவிட்டால், தேடிக் கண்டுபிடித்து, இறக்கைகளைக் கழற்றி, கட்டி இழுத்து வருவது என் வேலை.

அந்த வேலையில் எனக்குச் சகிக்காமல் போனது வெயில் அல்ல, கிளப்பின் மரியாதைகள்தான். சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றில் முதலில் நுழைந்தவர் இடமாகச் சுற்றினால் பின்னால் வருகிற எல்லோரும் இடமாகவே சுற்ற வேண்டும். அவருக்கு மேலே போய் நிழல் போடக் கூடாது. காற்றைத் தேடக் கஷ்டப்படாமல் இன்னொருவர் வாலைப் பிடித்துக்கொண்டே போகக் கூடாது. இறங்கிய இடத்தில் நிலத்துக்காரரை வணங்காமல் கிளைடரைத் தொடக் கூடாது. முதல் விதி உயிரைக் காப்பது, அது புரிந்தது. மற்றதெல்லாம் வெள்ளைக்காரன் கப்பலேறும்போது எடுத்துப் போக மறந்த மேசை நாகரிகம் என்றேன். இவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள் அத்தனை வருடம் நம்மை வாசலுக்கு வெளியே நிறுத்தியது எந்த மரியாதையில் சேரும் என்றும் கேட்டேன்.

நீ கோபப்படவில்லை. "அவங்க நம்மள நிறுத்துனது தப்பு. அதுக்காக அவங்க பறக்குறதும் தப்பா?" என்றாய். எழுதிவைத்த விதி போதாதா என்று நான் விடாமல் கேட்டதற்கு, "விதின்னா ஓட்ட தேடுவோம்டி. வழக்கத்துல ஓட்ட போட வெக்கமா இருக்கும்" என்றாய். சரித்திரம் படித்தவளுக்கு அது போதாத பதில். வெட்கமில்லாதவர்கள்தானே சரித்திரம் முழுக்க இருக்கிறார்கள்?

செங் என்ற ஊரில் ஒரு மரவள்ளித் தோட்டத்தின் நடுவில் நீ போய் இறங்கிய நாள் நினைவிருக்கிறதா? நான் வந்து சேர்ந்தபோது நான்கு வரிசைச் செடிகள் படுத்துக் கிடந்தன. உனக்கு அடி பட்டிருக்குமோ என்று நான் ஓடிவர, நீ அந்த மலாய்க்கார வீட்டுப் படிக்கட்டில் சப்பணம் போட்டு அமர்ந்து, பெரியவர் கொடுத்த காப்பியை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தாய். நேரமாகிறது, இருட்டுவதற்குள் இறக்கையைக் கழற்ற வேண்டும் என்று நான் அவசரப்படுத்த, நீ எனக்கும் ஒரு கோப்பை கேட்டு வாங்கிக் கையில் கொடுத்தாய். அவர்கள் வீட்டில் இறங்கியிருக்கிறோம், முதலில் விருந்தாளி, அப்புறம்தான் பைலட் என்றாய். மறுநாள் பள்ளி விட்டதும் அதே வீட்டுக்கு மரவள்ளிக் குச்சி நட என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். பெரியவருக்கு நாம் நட்டது பிடிக்கவில்லை. நாம் கிளம்பியதும் பிடுங்கி நேராக நட்டிருப்பார்.

இனி அந்த வெள்ளைத் துணி. கிளைடரில் ரேடியோ வராத காலம். அதனால் ஒவ்வொருவரும் பாயளவு வெள்ளைத் துணி ஒன்றை இருக்கைக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். வழியில் எங்காவது இறங்க நேர்ந்தால், அடிபடாமல் இருந்தால், அதை எடுத்து வாலுக்குப் பக்கத்தில் தரையில் விரிக்க வேண்டும். மேலே போகிறவர் துணியைப் பார்த்தால் நிம்மதியாகப் போகலாம். துணி இல்லையென்றால் போகக் கூடாது. கீழே ஆட்கள் வந்து சேரும் வரை அந்த இடத்தின் மேலேயே சுற்றிச் சுற்றி அடையாளம் காட்ட வேண்டும். உயரம் தீர்ந்துவிட்டால் பக்கத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும். போட்டி நாளாக இருந்தாலும் அதேதான். அப்படி நின்றவருக்கு அன்று முழுத் தூரமும் பறந்ததாகவே புள்ளி கொடுப்பார்கள்.

ஆனால் அதற்கும் ஒரு மரியாதை இருந்தது. நின்றவர் தன் வாயால் சொல்லக் கூடாது. கீழே இருந்தவர்தான் சொல்ல வேண்டும். மாலையில் தேநீரோடு எல்லோரும் கொட்டகையில் கூடும்போது, புள்ளி போடுகிற பழைய பட்டாளத்துக்காரர், நாம் மேஜர் என்றே கூப்பிட்டவர், இன்று யாராவது யாருக்காகவாவது நின்றார்களா என்று ஆங்கிலத்தில் கேட்பார். கீழே இருந்தவர் எழுந்து, இன்னார் எனக்காக நின்றார் என்பார். அவ்வளவுதான். கைதட்டுவதுகூட வழக்கமில்லை.

நாதனை நான் அப்போதே விரும்பவில்லை. நில அளவை இலாகா அதிகாரி. கைக்குட்டையைக்கூட இஸ்திரி போட்டு வைத்திருப்பார். உன்னை எப்போதும் மிஸ் என்றும் என்னை டீச்சர் என்றும் கூப்பிடுவார். நீ அவரைச் சார் என்பாய். நம்மவர்களில் நன்றாகப் பறந்தது நீங்கள் இரண்டு பேர்தான். அந்த வருடம் பள்ளி விடுமுறையில் நான்கு நாள் போட்டி வைத்தார்கள். ஜெயிக்கிற உள்ளூர்க்காரர் ஒருவரை இங்கிலாந்துக்கு அனுப்புவார்கள், ஒரு பருவம் அங்கே பறந்து, கற்றுக்கொடுக்கத் தகுதி பெற்றுத் திரும்பி, கிளப்பை அவரே நடத்துவார் என்று முடிவானது. வெள்ளைக்காரரின் கையிலிருந்து அந்தக் கொட்டகையின் சாவி நம்மவர் ஒருவரின் கைக்கு வரப்போகிறது. அது உன் கையாக இருக்க வேண்டும் என்று நீ சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க நீ சரியாகச் சாப்பிடவில்லை. குளிருக்கு என்ன போட்டுக்கொள்வது என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாய். அங்கே கோடையில்தான் பறப்பார்கள் என்று நான் சொன்னதும் வெட்கப்பட்டுச் சிரித்தாய்.

மூன்று நாள் முடிவில் நாதன் கொஞ்சம் முன்னால், நீ கொஞ்சம் பின்னால். கடைசி நாளில் அவரைவிட அதிக தூரம் பறந்தால் ஜெயம் உன்னுடையது. வடக்கே தம்பின் ஊர் வரை போய்த் திரும்ப வேண்டும்.

அன்று காலை நல்ல வெயில். மதியத்துக்குப் பிறகு மேற்கே கடல் பக்கமிருந்து மேகம் படர்ந்து சூரியனை மூடிவிட்டது. சூரியன் போனால் காற்று எழும்பாது. ஓடுதளத்தில் நின்று கழுத்து வலிக்க வடக்கே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. பிறகு போன் வந்தது. மாச்சாப் பக்கம் ஒரு வயலில் நாதன் இறங்கிவிட்டார். அதே வயலில், அவருக்குக் கொஞ்சம் தள்ளி, நீயும்.

ஜீப்பில் போகும்போது எனக்கு ஒன்றுதான் ஓடியது. ஒரே வயல் என்றால் ஒரே தூரம். ஒரே தூரம் என்றால் அவர் ஜெயித்துவிட்டார்.

அறுவடை முடிந்த வயல். பக்கத்துக் கம்பத்தின், அந்த மலாய்க் கிராமத்தின், ஜனம் பாதி அங்கே கூடியிருந்தது. நாதன் இறக்கையின் அடியில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். நீ அவர் கிளைடரின் இறக்கை ஆணியைக் கழற்றிக்கொண்டிருந்தாய். முதலில் இறங்கியவருடையதை முதலில் கழற்ற வேண்டும் என்பது அங்கே இன்னொரு மரியாதை. நான் அந்தக் கிளைடரின் வால் பக்கம் பார்த்தேன். வெள்ளையாக ஒன்றும் இல்லை. நேராக நாதனிடம் போய்த் துணி எங்கே என்று கேட்டேன். இறங்கியதும் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள், மறந்துவிட்டேன் என்றார். இருக்கைக்குப் பின்னால் கைவிட்டு எடுத்துக் காட்டவும் செய்தார். மடித்து, இஸ்திரி போட்டு, அப்படியே இருந்தது. கைக்குட்டைக்கு இஸ்திரி போடுகிற மனிதருக்கு மறதி வருமா என்று எனக்குள் அப்போதே ஒரு கசப்பு இறங்கியது. அது கரையவே இல்லை.

நீ ஆணியைக் கைக்குட்டையில் பத்திரமாக முடிந்துகொண்டிருந்தாய்.

மாலையில் கொட்டகை. மேஜர் வழக்கம்போலத் தூரங்களைப் படித்தார். படித்து முடித்ததும் அந்தக் கேள்வியைக் கேட்டார். இன்று யாராவது யாருக்காகவாவது நின்றார்களா?

நாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"சொல்லு" என்றேன் மெதுவாக.

"நான் சொல்லக் கூடாது லா."

"அப்ப யாரு சொல்லுவா?"

"கீழ இருந்தவங்க சொல்லணும். சும்மா இரு."

மேஜர் உடனே தாளை மடித்துவிடவில்லை. நாதனைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். அவருக்கும் ஏதோ தோன்றியிருக்க வேண்டும். கூரைத் தகரம் சூடு ஆறிப் படபடவென்று சத்தம் போட்டது. நாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு மேஜர் அவர் பெயரை வாசித்தார். முதலில் எழுந்து போய்க் கைகொடுத்தது நீதான்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் விடவில்லை. ஏன் இறங்கினாய் என்று கேட்டேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "துணி இல்ல" என்றாய். நான் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டேன். அப்படியானால் எழுந்து சொல்ல வேண்டியதுதானே, போய் மேஜரிடம் இப்போதே சொல்கிறேன் என்று ஜீப்பை ஓரம் கட்டினேன். நீ என் கையைப் பிடித்தாய். "நீ மேல இருந்தியா? கீழ இருந்தியா? ரோட்டுலதானே இருந்த" என்றாய். அதில் கிண்டல் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. நான் வண்டியைக் கிளப்பினேன். வீட்டுக்கு வந்ததும் செட்டி அம்மாள் கதவருகில் நின்று மெனாங்கா என்று கேட்டார். ஜெயிக்கவில்லை என்று நீயே சொன்னாய். அன்று மட்டும் அவர் கிலா என்று சொல்லவில்லை. உள்ளே போய்ப் புளூட் ஹீத்தாம் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். அந்தக் கறுப்புக் கஞ்சியை நீ முழுதும் குடித்தாய். அந்த வாரத்தில் நீ ஒழுங்காகச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

நாதன் இங்கிலாந்து போய் வந்தார். கொட்டகையின் சாவி அவர் கைக்கு வந்தது. நீ அவருக்குக் கீழே இன்னும் பல வருடம் பறந்தாய், அதே மரியாதையோடு, அதே சாரோடு. அவர் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுக்கு நீ கம்பி இழுத்தாய். நான் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன். ஜாலான் பெண்டஹாராவில் எதிரே வந்தால் எந்தக் கடை திறந்திருக்கிறதோ அதற்குள் நுழைந்துவிடுவேன். இதனால் எனக்குத் தேவையில்லாத மசாலாச் சாமான்கள் நிறைய வாங்கியிருக்கிறேன். உனக்கு அது தெரியும். சமையலறையில் சோம்புப் பொட்டலங்களை எடுத்து வரிசையாக வைத்து, இந்த மாதம் சாரை இத்தனை முறை பார்த்தாயா என்று சிரிப்பாய்.

அவ்வளவு சிரித்தவள், ஒருமுறையாவது அந்த நாளைப் பற்றி வாய் திறந்து சொல்லியிருக்கலாம். நானும் திரும்பக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, ஏனென்றால் பதில் என்னிடம் இருக்கிறது என்று நினைத்தேன்.

உனக்கான நினைவுக் கூட்டத்தைப் பள்ளி மண்டபத்தில் வைத்தார்கள். உன் தங்கை மல்லிகா முன் வரிசையில், நான் அவளுக்குப் பக்கத்தில். ஆளாளுக்கு எழுந்து உன்னைப் பற்றி ஏதேதோ சொன்னார்கள். பாதி உண்மையில்லை. நீ பொறுமைசாலி என்றார் ஒருவர். உன்னோடு ஒரு நாள் குளியலறை வரிசையில் நின்றிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். பின்வரிசையிலிருந்து நாதன் எழுந்து வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சட்டை மட்டும் பழைய இஸ்திரி. ஒலிபெருக்கியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:

"மாச்சாப்ல நான் இறங்குன அன்னிக்கு, மிஸ் எனக்காக நின்னாங்க. அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும்."

திரும்பி நடந்து போய் உட்கார்ந்துவிட்டார். மண்டபத்தில் பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. கிளப்பின் பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் நான் கேட்க விரும்பிய வாக்கியம் அது. கேட்டதும் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. எனக்கு வந்தது எரிச்சல். கூட்டம் முடிவதற்குள் எழுந்து வெளியே போய் நின்றேன். அவர் வந்ததும் வழியை மறித்தேன். பல வருடம் கழித்து அவரோடு பேசிய முதல் பேச்சு மரியாதையாக இல்லை.

அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா, தெரிந்தே வாயை மூடிக்கொண்டீர்களா என்று கேட்டேன்.

"தெரியாது, டீச்சர்" என்றார். "கீழ இருந்து பாருங்க. காத்தத் தேடிச் சுத்துற கிளைடரும், ஆளுக்காகச் சுத்துற கிளைடரும் ஒரே மாதிரிதான் இருக்கும். வானம் மூடிக் கெடந்துச்சு. அவங்களுக்கும் காத்து கெடைக்கல, அதான் எறங்குறாங்கன்னு நெனச்சேன். நீங்க வந்து துணி எங்கன்னு கேட்டப்பதான் சந்தேகம் வந்துச்சு. சந்தேகத்த வச்சுக்கிட்டு எப்படி எந்திரிச்சுச் சொல்றது? அவங்க இல்லன்னு சொல்லிட்டா?"

அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"இங்கிலாந்து ஆசையும் இருந்துச்சு. பொய் சொல்லல. ரெண்டுல எது என் வாயக் கட்டுச்சுன்னு இப்பப் பிரிச்சுப் பார்க்க முடியல."

அப்படியானால் இன்றைக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்றேன். உன்னிடம் எப்போதாவது கேட்டாரா, நீ ஏதாவது சொன்னாயா என்றும் கேட்டேன்.

"இன்னிக்கும் தெரியாது" என்றார். "நான் கேக்கல. அவங்க சொல்லல. ஆனா கீழ இருந்தவன்தானே சொல்லணும். நல்லாத் தெரிஞ்ச அப்புறம்தான் சொல்லணும்னு வழக்கத்துல எங்கயும் இல்லையே, டீச்சர்."

அவர் போய்விட்டார். அதன் பிறகுதான் உன் இரண்டு வார்த்தைகளை நான் முதல்முறையாகச் சரியாகக் கேட்டேன். துணி இல்லை. அவருக்காக இறங்கினேன் என்று நீ சொல்லவில்லை. காற்று கிடைக்கவில்லை என்றும் சொல்லவில்லை. தரையில் பார்த்ததை மட்டும் சொன்னாய். அதை வைத்து மீதியைக் கட்டியவள் நான். ஏறிய உயரத்தைக் கோடு போட்டுக் காட்டும் கருவி கிளப்பில் ஒன்றுதான் இருந்தது. அன்று அது வேறு கிளைடரில் போயிருந்தது. அந்த வயலுக்கு மேலே நீ வந்தபோது உனக்கு எவ்வளவு உயரம் மிச்சம் இருந்தது என்பதை அறிந்த ஒரே ஆள் நீ. அன்று கொட்டகையில் நீ எழாமல் இருந்ததுகூட மரியாதையினால்தானா, சொல்வதற்கு ஒன்றும் இல்லாததினாலா? சும்மா இரு என்றாயே, எதற்காக? இந்த இடத்தில்தான் எழுந்து எழுந்து வாசலுக்குப் போகிறேன். காலையில் எனக்கு ஒன்று நிச்சயமாகத் தோன்றுகிறது, விளக்கு வைக்கும் நேரத்தில் இன்னொன்று.

அன்று மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மல்லிகா என்னிடம் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. உன் கடைசி மாதங்களில் அவளுக்கு உன்மேல் ஒரு குறை இருந்தது உனக்குத் தெரியாது. அக்கா எதிலும் முன்னுக்கு வரவில்லை, கல்யாணமும் இல்லை, பெயரும் இல்லை, அந்த ஓட்டைக் கொட்டகைக்குப் போய்ப்போய் வாழ்நாளைக் கரைத்துவிட்டாள் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

"டீச்சர், அவர் சொன்னது நெஜமா? அக்கா அவருக்காகத்தான் எறங்குனாங்களா? நீங்க அன்னிக்கு அங்கதானே இருந்தீங்க."

நான் அங்கே இல்லை. ரோட்டில் இருந்தேன், நீ சொன்னதுபோல. பாராததைப் பார்த்ததாக எழுதாதே என்று எத்தனை பிள்ளைகளின் விடைத்தாளில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரியாது மல்லிகா, யாருக்கும் தெரியாது என்பதுதான் என் பதிலாக இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமா. அவருக்காகத்தான்" என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்துவிட்டாள். நான் அசையாமல் நின்றேன்.

உனக்குக் காற்று கிடைக்காமல்தான் நீ இறங்கியிருந்தால், நாதனும் நானுமாகச் சேர்ந்து நீ செய்யாத ஒன்றை உன்மேல் ஏற்றிவிட்டோம். இல்லாத புகழை யாராவது கொடுத்தால் நீ எப்படிச் சிடுசிடுப்பாய் என்று எனக்குத் தெரியும். நீ நின்றதுதான் உண்மை என்றால், சொல்ல வேண்டியவர் சொல்லியாயிற்று, நான் வாயைத் திறந்திருக்கவே தேவையில்லை. எப்படிப் பார்த்தாலும் என் வார்த்தை அந்த இடத்துக்கு அதிகம்தான். நீ இருந்தால் என் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பாய்.

மல்லிகா அதை இப்போது எல்லோரிடமும் சொல்கிறாள். போன வாரம் குருபோங்கிலிருந்து உன் பழைய மாணவி ஒருத்தி துக்கம் கேட்க வந்திருந்தாள். மல்லிகா அவளை உட்காரவைத்து, மேகம், வயல், கம்பத்து ஜனம் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் சொல்லாததும் அதில் நாலைந்து சேர்ந்திருந்தது. அந்தப் பெண் நம்பியும் நம்பாமலும் கேட்டுக்கொண்டிருந்தாள். மல்லிகா என் பக்கம் கையைக் காட்டி, டீச்சர் அங்கேயே இருந்தவர், வேண்டுமானால் அவரையே கேள் என்றாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். உன்னிடம் படித்தவள்தான் அவள். பார்வையில் என் சந்தேகம் அப்படியே இருந்தது. எனக்கு அவளைப் பிடித்தது.

அவளைப் பார்த்து ஆமென்று தலையசைத்தேன். இனி யார் வந்து கேட்டாலும் அசைப்பேன்.